அங்குசம் பிடித்த கை

மே முதல் நாள். உழைப்பவன் தன் உரிமையை ஊரறிய உரைக்கும் நாள். சிகாகோவில் சிந்திய இரத்தத்தை நினைந்து, வையமெங்கும் தொழிலாளி கொடியேற்றும் நாள். 2016-ஆம் ஆண்டு அதே நாளில், அதே அமெரிக்க நாட்டில், 11 உழைப்பாளிகள் கடைசி முறையாக வேலைக்கு வந்து போயினர். ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரில் 6 பேர். பென்சில்வேனியா மாநிலத்து வில்க்ஸ்-பாரி நகரில் 5 பேர். கூலி என்று ஒரு காசு கேட்டறியாதவர்கள். சங்கம் கூட்டத் தெரியாதவர்கள். ஆயினும் அரங்கு நிறையக் கூட்டம் சேர்த்துக் கொடுத்தவர்கள்.

யார் அந்த 11 பேர் என்கிறீர்களா? யானைகள்! ரிங்லிங் சகோதரர்கள், பார்னம், பெய்லி என்று மூன்று பெயர்களைச் சேர்த்துக் கட்டிய அமெரிக்காவின் மாபெரும் சர்க்கஸ் கம்பெனியின் யானைகள். அன்றைய காட்சியோடு அவற்றின் ஆட்டம் முடிந்தது.

"ஆலைக் கூலியும் அரிசி விலையும் பேச வேண்டிய இடத்தில் ஆனைக் கதை எதற்கு?" என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்க வேண்டாம். இந்தக் கதையிலே முதலாளி வருகிறார். வழக்கு மன்றம் வருகிறது. கோடிக்கணக்கில் டாலர் கைமாறுகிறது. ரயில் பெட்டியிலே பிள்ளைகுட்டியோடு குடித்தனம் நடத்திய தொழிலாளி வருகிறான். யானை நடுவிலே நிற்கிறது, அவ்வளவுதான்.

முதலாளிக்குத் திடீரென்று கருணை பிறந்து யானைகளை விட்டாரா? இல்லை. நீதிமன்றம் ஆணையிட்டதா? இல்லை, நீதிமன்றத்தில் முதலாளியே வென்றார். வாஷிங்டன் பாராளுமன்றம் சட்டம் செய்ததா? அதுவும் இல்லை. பின் யார் செய்தார்கள்? நகரசபைகள்! தெரு விளக்கும் குப்பைத் தொட்டியும் பார்க்கும் நகரசபைகள்!

எப்படி என்று கூறுமுன், யானை எப்படி அந்த நாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தது என்பதைச் சிறிது பார்ப்போம்.

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். பார்னம் என்ற அமெரிக்கக் காட்சிக்காரருக்கு அந்தப் பழமொழி தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அதன் பொருளை அவரைப்போல் அறிந்தவர் எவருமில்லை. 1882-இல், இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையிலிருந்து ஜம்போ என்ற ஆப்பிரிக்க யானையை 10,000 டாலருக்கு வாங்கினார். நாடெங்கும் காட்டினார், காசு குவித்தார். 1885-இல், கனடா நாட்டில் செயின்ட் தாமஸ் என்ற ஊரின் ரயில் நிலையத்தருகே, எஞ்சின் மோதி ஜம்போ இறந்தது. விட்டாரா பார்னம்? தோலை உரித்துப் பாடம் பண்ணி ஒரு காட்சி. எலும்பைக் கோத்து நிறுத்தி இன்னொரு காட்சி. உயிரோடு இருந்தபோது ஒரு ஜம்போ. செத்த பிறகு இரண்டு ஜம்போ! இலாபக் கணக்கென்றால் இதுவல்லவா இலாபக் கணக்கு!

காட்சிக்கு மட்டுமா யானை? கூடாரக் கம்பத்தைத் தூக்கி நிறுத்தியது யானை. வண்டியை இழுத்தது யானை. மழையிலே சேற்றில் புதைந்த சக்கரத்தை நெற்றியால் முட்டித் தள்ளியது யானை. பகலிலே பாரவேலை, இரவிலே பட்டுத்துணி போர்த்திக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கும் வேலை. இரண்டுக்கும் அதை இயக்கியது ஒரே ஒரு கருவி. அதுதான் அங்குசம்.

அங்குசத்தை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு கழி, முனையிலே கூர், பக்கத்திலே கொக்கி. நம் நாட்டுப் பாகன் கையிலிருப்பதுதான் கடல்கடந்து அமெரிக்காவுக்கும் போயிற்று. சர்க்கஸ்காரர்கள் அதற்கு நல்லதொரு பெயர் வைத்தனர்: "வழிகாட்டி"! குழந்தையின் கையைப் பிடித்து அழைத்துச் செல்வதுபோல, யானையைத் தொட்டுக் காட்டும் கருவியாம். தொட்டுக் காட்டுவதற்குக் கூர் எதற்கு, கொக்கி எதற்கு என்று கேட்டால், "தடித்த தோல் ஐயா, உறைக்காது" என்றார்கள். உறைக்காது என்றால் பயனில்லை. பயனுண்டு என்றால் உறைக்கிறது. எது உண்மை?

இங்கே ஒன்றை மறக்கலாகாது. அந்த அங்குசத்தைப் பிடித்த கை முதலாளியின் கையல்ல. கூலிக்காரன் கை!

1916-ஆம் ஆண்டு, செப்டம்பர் 12. டென்னசி மாநிலத்துக் கிங்ஸ்போர்ட் நகரம். ஸ்பார்க்ஸ் சர்க்கஸ் என்ற கம்பெனியில் மேரி என்றொரு பெண் யானை. அதன் மேல் ஏறிச் சென்றவன் யானைப் பழக்கமில்லாத ஓர் ஏழை. வேலைக்குச் சேர்ந்து ஓரிரு நாள்கூடச் சரியாக ஆகவில்லை. கையிலே கோலைக் கொடுத்து, "ஏறு, ஓட்டு" என்றனர். ஏறினான், குத்தினான், யானை வெகுண்டது, அவனைக் கொன்றது. மறுநாள் என்ன நடந்தது தெரியுமா? யானையைத் தூக்கிலிட்டார்கள்! கதையல்ல, தோழர்களே. எர்வின் என்ற ஊரின் ரயில் பட்டறையிலே, தடம்புரண்ட வண்டிகளைத் தூக்கும் பளுதூக்கியின் சங்கிலியை மேரியின் கழுத்தில் மாட்டி உயர்த்தினார்கள். முதற் சங்கிலி அறுந்து யானை கீழே விழுந்தது. வேறு சங்கிலி கொண்டுவந்து மீண்டும் மாட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் நின்று பார்த்தனர்.

யானைக்குத் தண்டனை தந்தாயிற்று. பழக்கமில்லாதவனை யானைமேல் ஏற்றியவருக்கு? அதைக் கேட்பார் இல்லை. தன் உயிரான யானையைச் சாகக் கொடுக்க அந்தச் சர்க்கஸ் சொந்தக்காரர் ஏன் இசைந்தார்? கொலைகார யானையோடு வந்தால் எங்கள் ஊரில் டேரா போட விடமாட்டோம் என்று அடுத்தடுத்த ஊர்கள் கூறிவிடும் என்ற அச்சம். ஊர் கதவை மூடினால் சர்க்கஸ் பிழைக்காது. இந்த உண்மையை 1916-லேயே முதலாளி அறிந்திருந்தார். ஊர்கள் அறிய இன்னும் நூறு ஆண்டு ஆயிற்று.

1994, ஆகஸ்ட் 20. ஹவாய்த் தீவின் ஹொனலுலு நகரம். டைக் என்ற யானை, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பயிற்சியாளரை மிதித்துக் கொன்றது; வேலையாள் ஒருவரைக் காயப்படுத்தியது; வெளியே ஓடியது. நகரின் வீதியிலே போலீசார் சுட்டனர். ஒரு குண்டல்ல, இரண்டு குண்டல்ல, 86 குண்டுகள்! ஹவாயில் காட்டு விலங்குகளை வைத்துக் காட்சி நடத்துவதைத் தடுத்த விதி 2018 டிசம்பரில்தான் வந்தது. யானை செத்து 24 ஆண்டு கழித்து.

மிதிபட்டவன் மட்டுமா பாதிக்கப்பட்டான்? 1994-க்கும் 1996-க்கும் இடையே, இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒரு விலங்குப் பண்ணையிலே யானைகள் காசநோயால் இறந்தன. மனிதனுக்கு வரும் அதே காசநோய். யானைகளைப் பராமரித்த 22 பேரைச் சோதித்துப் பார்த்தனர். அவர்களில் 11 பேருக்குக் காசக் கிருமி தொற்றியதன் அடையாளம் இருந்தது. ஒருவருக்கு நோயே பற்றியிருந்தது. பஞ்சாலையிலே நெஞ்சு கரைந்தவர்களை அறிந்த நமக்கு இந்தக் கணக்குப் புரியும்.

இனி வழக்குக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டில், விலங்கு நலச் சங்கங்கள் சில, ரிங்லிங் கம்பெனியின் மேல் வாஷிங்டனில் வழக்குத் தொடுத்தன. அழிந்துவரும் உயிரினத்தைக் காக்கும் சட்டத்தின்படி, ஆசிய யானையைத் துன்புறுத்துவது குற்றம் என்றன. 9 ஆண்டு இழுத்து, 2009-இல் விசாரணை நடந்தது. கம்பெனி முதலாளியே கூண்டேறினார். பணியாளர்கள் யானையின் காதுக்குப் பின்னாலும், தாடைக்கு அடியிலும், காலிலும் அங்குசத்தால் அடிப்பது உண்டு என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அது துன்புறுத்தல் அல்லவாம்! கம்பெனியின் சொந்த ரயில் குறிப்புகளைக் கொண்டு வாதிகள் ஒரு கணக்கு வைத்தார்கள்: ஊர்விட்டு ஊர் போகும்போது யானைகள் ரயில் பெட்டியில் சங்கிலியோடு நின்றது, சராசரி 26 மணி நேரத்துக்கு மேல். சில பயணங்களில் 60, 70 மணி நேரம்.

வென்றிருக்க வேண்டிய வழக்கு. கெட்டது எதனால்? வாதிகளின் புத்திக்கேட்டால்! அவர்களுடைய முக்கிய சாட்சி, முன்பு அந்தச் சர்க்கஸில் வேலை பார்த்தவர். அவருக்கு அந்தச் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் பணம் கொடுத்து வந்தது வெளிப்பட்டது. குறைந்தது 1 லட்சத்து 90 ஆயிரம் டாலர். இவர் கூலிக்கு வழக்காட வந்தவர், இவர் பேச்சை நம்ப முடியாது, வழக்குத் தொடுக்கவே இவருக்குத் தகுதி இல்லை என்று கூறி நீதிபதி வழக்கைத் தள்ளினார். அங்குசம் கொடுமையா இல்லையா என்ற கேள்விக்குத் தீர்ப்பே இல்லை! கம்பெனி சும்மா இருந்ததா? எதிர் வழக்குப் போட்டது. 2012-இல் ஒரு சங்கம் 93 லட்சம் டாலர் கொடுத்துத் தப்பியது. 2014-இல் மற்றவர்கள் சேர்ந்து 1 கோடியே 57 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கட்டினார்கள். நல்ல காரியத்துக்குக் குறுக்கு வழி தேடியவர்கள் கொடுத்த விலை இது. பரிவு உண்டு அவர்களிடம். ஆனால் வாயில்லாப் பிராணிக்காகப் பேச வந்தவர்கள், வாயுள்ள ஒரு தொழிலாளியை விலைக்கு வாங்கலாம் என்று எண்ணினார்களே, அதை நாம் ஒப்ப முடியாது.

மத்திய சர்க்கார் என்ன செய்தது? விலங்கு நலச் சட்டம் அங்கே 1966-லேயே உண்டு. அது அங்குசத்தைத் தடுக்கவில்லை. 2011-இல், அந்தச் சட்டத்தை மீறியதாக எழுந்த புகார்களுக்காகக் கம்பெனி 2 லட்சத்து 70 ஆயிரம் டாலர் அபராதம் கட்ட இசைந்தது, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே! யானை ஒன்றைப் பராமரிக்க ஆண்டுக்கு 65,000 டாலர் செலவு என்று கம்பெனியே கணக்குச் சொல்லிற்று. ஆக, நாலே நாலு யானையின் ஓராண்டுத் தீனிச் செலவு, அபராதம் என்ற பெயரில்! நாடு முழுவதும் ஊர் சுற்றும் காட்சிகளில் காட்டு விலங்குகளைத் தடுக்க 2011-லேயே பாராளுமன்றத்தில் மசோதா வந்தது. நிறைவேறவில்லை.

பெரிய இடங்கள் எல்லாம் கைவிரித்த பிறகுதான் நகரசபைகள் எழுந்தன. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரசபை, 2014-இல் ஒரு சட்டம் செய்தது. யானையைக் கொண்டுவராதே என்று அதில் இல்லை. அங்குசத்தைக் கொண்டுவராதே என்று மட்டுமே இருந்தது. 2017 முதல் நடைமுறை. அதே 2014 டிசம்பரில் ஓக்லண்ட் நகரமும் அங்குசத்தைத் தடுத்தது. என்ன நுட்பம் பாருங்கள்! தொட்டுக் காட்டும் வழிகாட்டிதானே, அதை வெளியே வைத்துவிட்டு யானையை உள்ளே அழைத்து வாருங்கள் என்றார்கள். கம்பெனி என்ன கூறிற்று? அங்குசம் இல்லாமல் யானை வராது, ஆகவே நாங்களும் வரமாட்டோம் என்றது. இதற்கு மேல் ஒரு வாக்குமூலம் வேண்டுமா? 9 ஆண்டு வழக்கிலே கிடைக்காத தீர்ப்பு அந்த ஒரு வாக்கியத்திலே கிடைத்துவிட்டது.

சர்க்கஸ் ரயிலிலே போகும் வியாபாரம். மூன்று குழுக்கள், ஆண்டுக்கு 115 நகரங்கள். ஓர் ஊரிலே யானை கூடும், அடுத்த ஊரிலே கூடாது, அதற்கடுத்த ஊரிலே யானை கூடும், அங்குசம் கூடாது என்றால், இடைவழியில் யானையை இறக்கி வைக்க ஏது இடம்? ஒவ்வோர் ஊரிலும் வக்கீல் வைத்து வாதாட ஏது காசு? 2015 மார்ச்சில் கம்பெனி அறிவித்தது, 2018-க்குள் யானைகளை நிறுத்திவிடுவோம் என்று. பிறகு அதையும் முன்னுக்கு இழுத்து, 2016 மே நாளிலேயே முடித்தது. அங்குசத்தைத் தடுத்த முதல் மாநிலம் ரோட் ஐலண்ட். யானைகள் கடைசியாக ஆடிய இரண்டு மாதம் கழித்து. ஊர் சுற்றும் காட்சிகளில் யானையையே தடுத்த முதல் மாநிலம் இல்லினாய்ஸ்; 2017-இல் கையெழுத்தாகி 2018 முதல் நடைமுறை. சிகாகோ எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. நியூயார்க் தொடர்ந்தது. 2018 டிசம்பரில் நியூ ஜெர்சி, யானையோடு நில்லாமல் காட்டு விலங்குகள் எல்லாவற்றுக்குமே கதவை மூடியது. அந்தச் சட்டத்துக்கு நோசி என்ற யானையின் பெயர். மூட்டு நோவோடு ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டு, 2017-இல் அலபாமா மாநிலத்தில் மீட்கப்பட்ட யானை அது.

முதலாளி தரப்பின் வாதம் ஒன்றை மட்டும் நாம் மதித்துக் கேட்க வேண்டும். "யானை போனால் கூட்டம் போகும். கூட்டம் போனால் கம்பெனி போகும். கம்பெனி போனால் தொழிலாளி வயிறு காயும்" என்றார்கள். நடந்தது என்ன? யானை போன பின் சீட்டு விற்பனை எதிர்பார்த்ததைவிட வேகமாக வீழ்ந்தது என்று கம்பெனி கூறிற்று. 2017 மே 21, நியூயார்க் மாநிலத்து யூனியன்டேலில் கடைசி ஆட்டம். 146 ஆண்டுக் காலச் சர்க்கஸ் அன்றோடு மூடப்பட்டது. 400-க்கு மேற்பட்டவர்களுக்கு வேலை போயிற்று. வேலை மட்டுமா? ஒரு மைல் நீள ரயிலிலே அவர்கள் வாழ்ந்தார்கள். அதிலே சமையல், அதிலே படுக்கை, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆசிரியர்கூட அவர்களோடு சென்றார். வேலை போன அன்றே வீடும் போயிற்று.

இதைக் கண்டு, "பார்த்தீர்களா சட்டத்தின் கொடுமையை!" என்று கண்ணீர் வடித்த கனவான்களுக்கு 1938-ஐ நினைவூட்டுகிறோம். அப்போதிருந்த ரிங்லிங் நிர்வாகம் தொழிலாளியின் கூலியில் நூற்றுக்கு 25 வெட்டியது. பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டன் நகரில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிர்வாகம் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஃபுளோரிடா மாநிலத்துக்குத் திரும்பிவிட்டது. அன்று எந்த யானைச் சட்டமும் கிடையாது! தொழிலாளியின் வயிறு முதலாளிக்கு நினைவு வருவது, சட்டம் தன் மடியிலே கைவைக்கும்போது மட்டும்தான் போலும்.

அதற்காக, சட்டம் செய்தவர்களை நாம் முழுவதும் பாராட்டிவிட முடியாது. யானையைக் காட்சிக்கு நிறுத்துவது குற்றம் என்று எழுதினார்கள், சரி. யானைகளுக்குப் போக்கிடம் இருந்தது. ஃபுளோரிடாவில் கம்பெனிக்கு 1995 முதல் 200 ஏக்கரில் யானைப் பண்ணை இருந்தது. பிறகு அந்த யானைகளைச் செல்வர் ஒருவர் வாங்கி, 2021 முதல், அதே மாநிலத்திலே 2,500 ஏக்கர் காட்டிலும் புல்வெளியிலும் நீர்நிலையிலும் திரியவிட்டார். மகிழ்ச்சி! அந்த யானைகளோடு நாளெல்லாம் நின்றவனுக்கு, சாணம் அள்ளியவனுக்கு, கம்பி ஏறியவனுக்கு, கயிறு பிடித்தவனுக்கு மாற்று வேலை எங்கே, ஓராண்டுக் கூலி எங்கே என்ற கேள்வி அந்தச் சட்டங்களின் பொருளாக இருக்கவில்லை. யானைக்கு நடைமுறைத் தேதி குறித்தவர்கள், ஆளுக்கு ஒரு வரி எழுதியிருந்தால், முதலாளியின் அந்தக் கண்ணீருக்கு வேலையே இருந்திராது.

இந்தியாவின் கணக்கும் கொஞ்சம் பார்ப்போம். 1998-இல் மத்திய சர்க்கார், கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகிய ஐந்தையும் வித்தைக்குப் பழக்கக் கூடாது, காட்டக் கூடாது என்று அறிவித்தது. சர்க்கஸ் முதலாளிகள் தொழில் உரிமை பேசி வழக்காடினார்கள். 2000-இல் கேரள உயர்நீதிமன்றமும், 2001-இல் உச்சநீதிமன்றமும் தடையே செல்லும் என்றன. அந்த ஐந்தில் யானை இல்லை! 2010-இல் யானையை நாட்டின் பாரம்பரிய விலங்கு என்று அறிவித்தார்கள். சர்க்கஸில் எந்த விலங்குமே கூடாது என்று ஒரு நகல் விதியை 2018-இல்தான் வெளியிட்டார்கள். சர்க்கஸ் கூடாரத்திலே அந்தரத்தில் தொங்கிய ஏழை வீட்டுக் குழந்தைக்கு எப்போது விடிந்தது? 2011-இல்! குழந்தைகளைச் சர்க்கஸ் வேலைக்கு வைக்கத் தடை விதிக்க வேண்டும் என்று அந்த ஆண்டு ஏப்ரலில் உச்சநீதிமன்றம் கூறிற்று. புலிக்கு 1998, பிள்ளைக்கு 2011. ஆனால் அந்தத் தீர்ப்பிலே ஒன்று இருந்தது. மீட்ட குழந்தைகளுக்கு மறுவாழ்வுத் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் சேர்த்தே கூறினார்கள். அமெரிக்கச் சட்டங்களில் நாம் தேடிய வரி அதுதான்.

"யானை இல்லாமல் சர்க்கஸ் இல்லை" என்றார்களே, அந்தச் சூளுரை என்னாயிற்று? ரிங்லிங் சர்க்கஸ், 2023 செப்டம்பர் 29, லூயிசியானா மாநிலத்துப் போசியர் நகரில் மீண்டும் திறந்தது. யானை இல்லை, புலி இல்லை, ஒரு விலங்கும் இல்லை. மனிதர்களே ஆடினார்கள், பறந்தார்கள், கம்பியில் நடந்தார்கள். சீட்டு வாங்கி மக்களும் வந்தார்கள். பழைய ரயில் மட்டும் திரும்பி வரவில்லை. அதன் பெட்டிகளை ஏலம் போட்டாயிற்று. 9 பெட்டிகளை வட கரோலினா மாநில சர்க்கார் வாங்கிக்கொண்டது.